சீன மருந்துக்கு நோபல் கிடைத்ததா? ஒரு கேள்வியும் நீண்டுபோன பதிலும்

ஆகஸ்ட் 4, 2024 – திருச்சி வாசகரின் கேள்வி

"சீன மருத்துவத்துக்கு 2015-லேயே நோபல் கொடுத்துவிட்டார்கள். 1600 வருடத்துக்கு முந்தைய ஏட்டில் இருந்த மலேரியா மருந்தை எடுத்து விஞ்ஞானம் முத்திரை குத்திவிட்டது. அப்படியென்றால் மற்ற சீன மருந்துகளையும் நம்பலாம்தானே? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் மாமாவுக்குப் பத்து வருடமாக முடக்குவாதம். 'இடிதேவன் கொடி' என்று ஒரு சீன கேப்ஸ்யூலை ஆன்லைனில் வாங்கிச் சாப்பிடுகிறார். மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது. இப்போது நான்கு மாதம் ஆகிறது. தொடரலாமா?"

ஆகஸ்ட் 4, இரவு

முதல் பாதிக்கு மட்டும் இப்போது பதில். நோபல் சீன மருத்துவத்துக்குக் கொடுக்கப்படவில்லை. பரிசு அறிவித்த சமயத்திலேயே தேர்வுக்குழுவினர் இதைச் சொல்லிவிட்டார்கள். கொடுத்தது து யூயூ என்ற பெண்மணிக்கு, ஆர்டிமிசினின் என்ற ஒரு வேதிப்பொருளைக் கண்டெடுத்ததற்கு. அதுவும் பாதிப் பரிசுதான். மீதிப் பாதி புழுநோய் மருந்துக்காக கேம்பலுக்கும் ஒமுராவுக்கும் போனது.

நான் யார் என்று கேட்பீர்கள். சிங்கப்பூரில் ஒரு சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் சீன மாத்திரைகளைக் கரைத்துப் பார்க்கிற வேலையில் இருந்தவன். ஈயம் எவ்வளவு, பாதரசம் எவ்வளவு, லேபிளில் சொல்லாமல் அலோபதி மருந்து கலந்திருக்கிறதா. அந்த வேலை பார்த்தவனுக்கு "முத்திரை குத்திவிட்டது" என்று கேட்டாலே பல் கூசும்.

ஆகஸ்ட் 5

முழுக் கதையையும் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

வியட்நாம் போர்க் காலம். காட்டுக்குள் இருந்த வட வியட்நாம் படையை மலேரியா சாய்த்துக்கொண்டிருந்தது. அன்றைய மலேரியா மருந்தான குளோரோகுயினுக்குக் கிருமி மசியவில்லை. ஹனோய் பெய்ஜிங்கிடம் கை நீட்டியது. 1967 மே 23 அன்று கூட்டம் போட்டார்கள். அந்தத் தேதியே திட்டத்துக்குப் பெயர், 523. ராணுவ ரகசியம். கலாச்சாரப் புரட்சியில் படித்தவர்களை எல்லாம் வயலுக்கு விரட்டிக்கொண்டிருந்த நேரம். து யூயூ 1969 ஜனவரியில் இதற்குள் வருகிறார், வயது 38. கணவரை ஏற்கனவே கிராமத்துக்கு அனுப்பியாகிவிட்டது. ஒரு குழந்தை காப்பகத்தில், இன்னொரு குழந்தை ஊரில் தாத்தா பாட்டியிடம்.

பழைய ஏடுகளையும் நாட்டு வைத்தியர்களையும் துருவி 2000-க்கும் மேல் குறிப்பு சேர்த்தார். அதில் 640-ஐ ஒரு தொகுப்பாக்கினார். சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்து எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிங்ஹாவ் என்ற செடி ஒருமுறை கிருமியை 68 சதவீதம் அடக்கியது. திரும்பச் செய்தால் 12-க்கும் 40-க்கும் நடுவே எங்கேயோ நின்றது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மரபு மருத்துவத்தை "நிரூபிக்க" கிளம்புகிற பலரும், சீனரோ நம்மவரோ, இந்த இடத்தில் செய்வது ஒன்றுதான். 68-ஐக் கட்டம் கட்டிப் போடுவார்கள். 12-ஐப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். இந்த அம்மாள் 12-ஐப் பிடித்துக்கொண்டார். ஏன் குறைந்தது?

விடை 4-ஆம் நூற்றாண்டில் கோ ஹொங் எழுதிய அவசரச் சிகிச்சைக் கையேட்டில் ஒற்றை வரியாக இருந்தது. ஒரு பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் தண்ணீரில் ஊறவை, பிழிந்து சாறெடு, முழுவதையும் குடி. அன்றைய இரண்டு ஷெங் நம் அரை லிட்டர் கூட வராது. இதில் காய்ச்சு என்ற சொல் இல்லை. கஷாயம் என்றால் காய்ச்சுவதுதான் என்றே பழகிய இடத்தில் அந்த இல்லாத சொல் அவர் கண்ணில் பட்டது. 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரை வைத்துச் சாறெடுத்தார்கள். அமிலப் பகுதியைக் கழித்து நடுநிலைப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 190 தோல்விகளுக்குப் பிறகு, 1971 அக்டோபர் 4, 191-ஆம் மாதிரி. எலிகளில் நூற்றுக்கு நூறு.

ஆகஸ்ட் 5, மாலை

திருத்தம். "190 தோல்விகள்" என்று நானும் எழுதிவிட்டேன், பத்திரிகைகளில் படித்த பழக்கம். 191 என்பது அந்த மாதிரிக்கு இட்ட எண், அவ்வளவுதான். அதற்கு முந்தையவை எல்லாம் சுழி என்று பொருள் இல்லை. சுட்டிக்காட்டியவருக்கு ஒரு டீ.

ஆகஸ்ட் 7

மூன்று பேர் ஒரே கேள்வி. மனிதர்களுக்கு எப்போது கொடுத்தார்கள்?

1972-ல். முதலில் தங்களுக்கே கொடுத்துக்கொண்டார்கள். து யூயூவும் கூட இருந்தவர்களும் பெய்ஜிங்கில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சாறைக் குடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஹைனான் தீவில் 21 நோயாளிகள். காய்ச்சல் இறங்கியது.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கடுத்த வருடம் நடந்த சொதப்பல். தூய படிகத்தைப் பிரித்தாகிவிட்டது. மாத்திரையாக்கி ஹைனானுக்கு அனுப்பினார்கள். பலிக்கவே இல்லை. வேறு யாராவதாக இருந்தால் மூலிகை முழுமையாக இருந்தால்தான் வேலை செய்யும், தனியாகப் பிரித்தால் சக்தி போய்விடும் என்று ஒரு தத்துவம் கிளம்பியிருக்கும். இவர்கள் மாத்திரையைச் சோதித்துப் பார்த்தார்கள். பழைய எந்திரத்தில் அடித்த மாத்திரை கல்லு மாதிரி. வயிற்றில் கரையவே இல்லை. அதே படிகத்தை கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்ததும் வேலை செய்தது.

மாத்திரை உடைந்து சிதைகிறதா என்று பார்க்கும் எந்திரத்தின் முன்னால் என் வாழ்க்கையில் பல ஆயிரம் மணி நேரம் நின்றிருக்கிறேன். கண்ணாடிக் குடுவை, 37 டிகிரித் தண்ணீர், மேலும் கீழும் ஆடுகிற கூடை. என் மனைவிக்கு அது சலிப்பான வேலை. அந்தக் கூடைக்குள்ளேயே ஒரு நோபல் பரிசு மாட்டிக்கொள்ளப் பார்த்தது என்று சொன்னால் சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 9

வேதியியல் படித்த ஒருவர் நேற்று விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் சொல்வது சரி, அதனால் 5-ஆம் தேதிக் குறிப்பை இன்னும் கொஞ்சம் திருத்தவேண்டும். காய்ச்சினால் ஆர்டிமிசினின் அழிந்துவிடும் என்றுதான் து யூயூ அன்று ஊகித்தார். ஆனால் தூய ஆர்டிமிசினின் 150 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதுவரை பெரிதாகக் கெடுவதில்லை. உண்மையான தொல்லை வேறு. அது தண்ணீரில் கரைய மறுக்கும். எண்ணெய்ச் சத்தோடும் ஈதரோடும்தான் உறவாடும். பச்சைச் செடியை நசுக்கிப் பிழிந்தால் அதன் எண்ணெயும் சேர்ந்து சாற்றில் இறங்கும். உலர்ந்த இலையைக் கொதிக்க வைத்தால் கொஞ்சம்தான் வரும்.

ஆக ஊகம் அரைகுறை, முடிவு சரி. இது அறிவியலில் நடக்கிறதுதான்.

இன்னொன்று. கோ ஹொங் சொன்ன சிங்ஹாவ் எந்தச் செடி என்பதிலும் குழப்பம் உண்டு. சீன மருந்து நூல்களில் அந்தப் பெயரில் ஒன்றுக்கும் மேற்பட்ட செடிகள் உலவின. ஆர்டிமிசினின் கணிசமாக இருப்பது ஆர்டிமிசியா ஆனுவா என்ற ஒன்றில்தான். பக்கத்து இனமான ஆர்டிமிசியா அபியேசியாவைப் பிழிந்து குடித்தால் வாய் கசக்கும், கிருமி சாகாது. பெயரை நம்பி மருந்து சாப்பிடக்கூடாது. இதற்குத் திரும்ப வருவேன்.

ஆகஸ்ட் 12

மாசிப்பத்திரி அதே குடும்பம்தானே, அதைக் கொதிக்க வைத்துக் குடித்தால் மலேரியா போகுமா என்று தனிமடல். அதே குடும்பம்தான். போகாது. ஆனுவா இலையையே டீயாகக் குடிக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு இலையிலும் அளவு மாறும். குறைந்த அளவில் மருந்து போனால் கிருமிதான் பாடம் கற்றுக்கொள்ளும். மேற்குக் கம்போடியாவில் மருந்துக்கு மெதுவாக மசியும் கிருமி ஏற்கனவே வந்துவிட்டது. கெல்ச்13 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் அதன் அடையாளம் என்று 2014-ல் கண்டார்கள். பிறகு ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் அப்படிப்பட்ட கிருமி தலைகாட்டியது.

மரிக்கொழுந்தும் அதே இனம்தான், தெரியுமா? ஆர்டிமிசியா பேலன்ஸ். அம்மா மல்லிகைச் சரத்துக்கு நடுவில் ஒரு கொத்து வைப்பார். இத்தனை வருடம் ஆர்டிமிசியா என்று ஆய்வறிக்கைகளில் படித்தும் எனக்கு அந்த வாசனைதான் முதலில் வரும். இதற்கும் கேள்விக்கும் தொடர்பில்லை. விட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 14

ஆர்டிமிசினினை மட்டும் சொன்னால் அது ஒரு அதிர்ஷ்டம், வேறென்ன இருக்கிறது என்று ஒருவர். இருக்கிறது. பாஷாணம்.

ஹார்பின், சீனாவின் வடகிழக்கு மூலை. 1970-களின் தொடக்கம். ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துக் கிராமப்புறத்தில் ஒரு நாட்டு மருந்து புற்றுக்கு வேலை செய்கிறது என்று செய்தி வருகிறது. ஹார்பின் மருத்துவப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் மருந்தாளர் ஹான் தைய்யுன் அதை ஊசி மருந்தாக மாற்றுகிறார். மருத்துவர் ஜாங் திங்தொங் நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்க்கிறார். உள்ளே மூன்று சரக்கு. ஆர்சனிக், பூரம் என்று நம் சித்த வைத்தியர்கள் சொல்கிற பாதரச உப்பு, தேரையின் நஞ்சு.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். தேரை நஞ்சு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, தூக்கு. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, அதையும் தூக்கு. மிஞ்சியது ஆர்சனிக் ட்ரையாக்சைடு, அதாவது நம் வெள்ளைப் பாஷாணம். பலன் முழுக்க அதில்தான் இருந்தது. எல்லாப் புற்றுக்கும் அல்ல, ஏ.பி.எல். என்கிற ஒரு வகை ரத்தப் புற்றுக்கு. அந்த நோயில் ரத்தம் உறையாமல் கசிந்து சில நாட்களில் ஆள் போய்விடுவார்.

ஷாங்ஹாயில் இன்னொரு பக்கம் வாங் ஜென்யீ, அதே நோய்க்கு வைட்டமின் ஏ-யின் உறவுக்காரப் பொருளான ஏ.டி.ஆர்.ஏ.-வைக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1985-ல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியிடம் தொடங்கியது. அது மரபு மருந்து அல்ல, சுத்தமான நவீன வேதியியல். இரண்டும் வந்து ஒரே புரதத்தில் கைவைக்கின்றன. பிறகு சுகாதார அமைச்சராகவும் ஆன சென் ஜூ குழுவினர், ஆர்சனிக் அந்தப் புரதத்தை எப்படிப் பிடித்துச் சிதைக்கிறது என்று அணு அணுவாகக் காட்டினார்கள். 1998-ல் நியூயார்க்கில் 12 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 11 பேருக்கு நோய் அடங்கியது. 2000-ல் அமெரிக்க அனுமதி. 2013-ல் ஐரோப்பியச் சோதனை ஒன்றில் இந்த இரண்டு மருந்தும் சேர்ந்து கீமோ கூட்டணியையே முந்தின. இரண்டு வருட முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 97 சதவீதம், மறுபக்கம் 86.

ஆனால் ஆர்சனிக்கைச் சீனச் சொத்து என்று பட்டா போடமுடியாது. ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஃபௌலர் கரைசல் என்று விற்றார்கள், 19-ஆம் நூற்றாண்டில் ரத்தப் புற்றுக்கும் கொடுத்தார்கள். சித்த மருத்துவத்தில் பாஷாண வகைகளுக்கு எத்தனை பெயர் என்று உங்களுக்கே தெரியும். பொருள் எல்லாரிடமும் இருந்தது. மூன்றில் இரண்டைத் தூக்கி எறிந்து, மூன்றாவதை எந்த நோய்க்கு, கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்த வேலை ஹார்பினிலும் ஷாங்ஹாயிலும் நடந்தது. இந்த இழையில் நான் சொல்லவருவது சுற்றிச் சுற்றி இதுதான் என்று இப்போது படுகிறது. எதை எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். எதைக் கழித்தார்கள் என்று பாருங்கள்.

ஆகஸ்ட் 15

இல்லை, வெள்ளைப் பாஷாணம் எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது நரம்பு வழியாக, கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், இதயத் துடிப்பை ஈ.சி.ஜி.-யில் பார்த்துக்கொண்டே கொடுப்பது. இரண்டு தனிமடல்காரர்களும் நலமாக இருக்கவும்.

ஆகஸ்ட் 19

பெயர் விஷயத்துக்குத் திரும்புகிறேன் என்றேன்.

1990-களின் தொடக்கம், பிரஸ்ஸல்ஸ். எடைக் குறைப்பு மருத்துவமனை ஒன்றுக்குப் போய்ச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகம் ஒவ்வொன்றாகச் சுருங்க ஆரம்பித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். சிறுநீரக மருத்துவர் வான்ஹெர்வெகெம் 1993-ல் எழுதினார். சீட்டில் இருந்தது ஃபாங்ஜி, அதாவது ஸ்டெஃபானியா. பாக்கெட்டில் இருந்தது குவாங் ஃபாங்ஜி, அதாவது அரிஸ்டோலோக்கியா. ஒரு அசை வித்தியாசம். அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைத் தின்பதோடு நிற்காது. 2000-ல் வந்த அறிக்கையில், சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்த 39 பேருக்கு அந்த உறுப்புகளை முன்னெச்சரிக்கையாக எடுத்துப் பார்த்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று.

அந்த அமிலம் மரபணுவில் தனக்கே உரிய தடம் ஒன்றை விட்டுப்போகும். திருடன் கைரேகை போல. 2017-ல் தைவானில் 98 கல்லீரல் புற்றுக் கட்டிகளைப் பார்த்தார்கள்; 78 சதவீதத்தில் அந்த ரேகை. தைவான் இந்தச் செடிகளை 2003-லேயே தடை செய்திருந்தது. பழைய கணக்கு அப்போதும் தீரவில்லை.

ஆயிரம் வருடமாகச் சாப்பிட்டு வருகிறோம், கெடுதல் இருந்தால் தெரிந்திருக்காதா என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வாந்தி வந்தால் தெரியும். இருபது வருடம் கழித்து வருகிற புற்றை, அன்று குடித்த கஷாயத்தோடு எந்த வைத்தியர் முடிச்சுப் போடுவார்?

ஆகஸ்ட் 20

நேற்றைய குறிப்பில் நியாயம் தவறியிருக்கிறேன். பிரஸ்ஸல்ஸ் மாத்திரையை "சீன மூலிகை மாத்திரை" என்று எழுதினேன். அதில் பசியடக்கும் அலோபதி மருந்துகளும் சேர்ந்திருந்தன, எடை குறைக்க அந்த மூலிகையை மாதக்கணக்கில் கொடுப்பது சீன மரபும் இல்லை. ஆகவே முழுப் பழியையும் மரபின் தலையில் போட முடியாது. தைவான் கணக்கு வேறு, அது மரபுப்படியே கொடுத்தது.

அப்புறம் நம் வீட்டுக் கணக்கு. ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா இனம். என் பாட்டி சிரங்குக்கு ஆடுதின்னாப்பாளை அரைத்துப் பூசுவார். ஆடே தின்னாதது என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் பெரியவர்கள். நாம் இலைப்பொடி வாங்கித் தேனில் குழைக்கிறோம்.

ஆகஸ்ட் 25

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

2004. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஊரில் இருந்தார். பக்கத்து மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போயிருந்தபோது நண்பர் ஒருவர் ஒரு கடையைக் காட்டினார். மிளகளவு கறுப்பு உருண்டைகள், பிளாஸ்டிக் டப்பா, சிவப்பு மூடி. பன்னிரண்டு மூலிகைகளின் பெயர். வாங்கினேன். ஊருக்குப் போகிறவரிடம் ஆறு டப்பா கொடுத்தனுப்பினேன்.

இரண்டாம் நாள் அப்பா போன் செய்தார். "தம்பி, மாடிப்படி ஏறிட்டேன்டா." அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும். இரண்டு மாதத்தில் பசி அதிகமாகி, முகம் உருண்டையாகி, ஊர்க்காரர்கள் எல்லாம் சிங்கப்பூர் மருந்தில் அப்பா பளபளவென்று ஆகிவிட்டார் என்று சொல்ல, அம்மாவுக்குப் பெருமை. சர்க்கரை ஏறியது யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு மருந்து தீர்ந்தது. அடுத்த டப்பாவை அனுப்பத் தாமதித்தேன். ஒரு வாரத்தில் அப்பா குளியலறையில் சரிந்து விழுந்தார். ரத்த அழுத்தம் அதலபாதாளம். இளம் மருத்துவர் ஒருவர்தான் முகத்தைப் பார்த்துவிட்டு, ஐயா என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருக்கிறார்.

அம்மா அனுப்பிய மிச்ச உருண்டைகள் நான்கை என் மேசையில் வைத்துக் கரைத்தேன். கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் புள்ளி வைத்து, விளக்கடியில் பார்த்தால், டெக்ஸாமெத்தசோன் தர மாதிரிக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் புள்ளி. ஸ்டீராய்டு. அதே புள்ளியை அந்த வருடத்தில் மட்டும் எத்தனையோ மாத்திரைகளில் பார்த்திருந்தேன். அப்பாவுக்கு வாங்கியதை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

அப்பா பிழைத்தார். எலும்பு தேய்ந்து, இரண்டு வருடம் கழித்து இடுப்பு முறிந்தது. நான் வாங்கித் தந்தது என்பதால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

செப்டம்பர் 1

ஆறுதல் சொன்னவர்களுக்குத் தனியாகப் பதில் போடவில்லை, மன்னிக்கவும்.

ஒருவர் கேட்கிறார், ஒற்றைப் பொருளைப் பிரித்தால்தான் அறிவியலா, கூட்டு மருந்தை அப்படியே சோதிக்கக் கூடாதா? சோதிக்கலாம், சோதிக்கிறார்கள். தொங்ஷின்லுவோ என்று ஒரு கேப்ஸ்யூல். தேள், அட்டை, பூரான், சிள்வண்டு உரித்த தோல் எல்லாம் உள்ளே. முதன்முதலில் கேள்விப்பட்டபோது நான் சிரித்தேன். 2023-ல் முடிவு வந்தது. மாரடைப்பு வந்த 3777 பேர், சீனாவில் 124 ஆஸ்பத்திரிகள், யாருக்கு மருந்து யாருக்கு வெற்று கேப்ஸ்யூல் என்று கொடுப்பவருக்கும் தெரியாது. மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 30 நாளில் மருந்துப் பக்கம் 3.4 சதவீதம், வெற்றுப் பக்கம் 5.2. சிரித்ததை வாபஸ் வாங்கினேன். போன மாதம் இதயச் செயலிழப்புக்கு சிலிசியாங்ஷின் என்ற இன்னொன்றின் முடிவும் வந்திருக்கிறது, 3110 பேர். இதய மரணமோ, இதயம் தளர்ந்து மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதோ 30 சதவீதத்திலிருந்து 25-க்கு இறங்கியது.

வாபஸ் வாங்கினேனே தவிர முழுதாகச் சரணடையவில்லை. 1998-ல் விக்கர்ஸ் என்பவரும் கூட்டாளிகளும், எந்த நாட்டு ஆய்வுகள் என்ன முடிவு சொல்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். சீனாவிலிருந்து வந்த அக்குபங்சர் சோதனைகள் ஒன்று விடாமல் வெற்றி. வகுப்பில் எல்லாரும் நூற்றுக்கு நூறு என்றால் வாத்தியாரைத்தான் சந்தேகப்பட வேண்டும். அன்றைய நிலைமையை விட இன்று எவ்வளவோ மேல். இருந்தாலும் சீனாவுக்கு வெளியே யாராவது இந்த இரண்டையும் திரும்பச் செய்து காட்டும்வரை நான் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

தொங்ஷின்லுவோவின் பன்னிரண்டு சரக்கில் எது வேலை செய்கிறது? தேளா, அட்டையா? ஹார்பின்காரர்கள் கேட்ட கேள்வியை இங்கே இன்னும் யாரும் கேட்டு முடிக்கவில்லை.

செப்டம்பர் 3

சின்னச் சின்னதாக இரண்டு.

மரமஞ்சள் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், அதன் மஞ்சள் நிறம் பெர்பெரின். சீனர்களின் ஹுவாங்லியனிலும் அதுதான். அங்கே வயிற்றுப்போக்குக்கு மலிவு மாத்திரை; 2004-ல் கொழுப்பைக் குறைக்கிறது என்று ஒரு சீனக் குழு புதுப் பாதையையே கண்டுபிடித்தது. ஆனால் சிங்கப்பூரில் 1978-ல் இதைத் தடை செய்தார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த சிசுக்களுக்கு மஞ்சள் காமாலை முற்றுவதோடு தொடர்பு என்று அஞ்சினார்கள். தடையைத் தளர்த்த முப்பது வருடத்துக்கும் மேல் ஆயிற்று. பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள்.

ஆர்டிமிசினின் சினைப்பை நீர்க்கட்டிக்கும் கேட்கிறதாமே என்றவருக்கு. ஜூன் மாதம் ஷாங்ஹாய்க் குழு ஒன்று வெளியிட்டது. ஆண் ஹார்மோன் சுரப்பைக் குறைக்கிறது என்று எலியில் பாதையைக் காட்டியிருக்கிறார்கள். பெண்கள் 19 பேர், 12 வாரம். 19 பேர் என்பது ஒரு வேன் கூட்டம். காத்திருங்கள்.

செப்டம்பர் 8

திருச்சிக்காரரின் கேள்விக்கு ஒருவழியாக வருகிறேன்.

இடிதேவன் கொடி, சீனத்தில் லெய்கோங்தெங். மோசடி மூலிகை இல்லை. முடக்குவாதத்துக்குச் சீன ஆஸ்பத்திரிகளிலேயே கொடுக்கிறார்கள். 2009-ல் அமெரிக்காவில் 121 பேரை வைத்து சல்ஃபாசலசின் என்ற வழக்கமான முடக்குவாத மருந்தோடு மோதவிட்டார்கள். முடிவுவரை தாக்குப்பிடித்தவர்களில் 65 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், சல்ஃபாசலசினில் 33. ஆனால் இரண்டு பக்கமும் பாதியில் விலகியவர்கள் நிறைய. அதன் ட்ரிப்டோலைடு என்ற பொருள், செல்லுக்குள் மரபணுவைப் படியெடுக்கிற எந்திரத்தையே நிறுத்துகிறது. அதனால்தான் மின்னசோட்டாவில் அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றிக் கணையப் புற்றுக்கு முயற்சி செய்கிறார்கள். அதனால்தான் அது நஞ்சும் கூட. ஆண்களுக்கு விந்தணு குறையும், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும், ஈரல் கெடும். உள்வேரைத்தான் எடுக்க வேண்டும். இலையையும் பூவையும் வேர்ப்பட்டையையும் தின்று செத்தவர்கள் உண்டு. பட்டையை உரித்துவிட்டு உள்ளே இருப்பதைச் சாறெடுக்கத் தெரிந்த கம்பெனியா, எந்தப் பாகம், எத்தனை மைக்ரோகிராம் ட்ரிப்டோலைடு? மாமாவின் டப்பா லேபிளைப் படம் எடுத்துப் போடுங்கள்.

செப்டம்பர் 10, காலை

படம் பார்த்தேன். தாவரப் பெயர் இல்லை. பாகம் இல்லை. பேட்ச் எண் இல்லை. தங்க நிறத்தில் ஒரு டிராகன் இருக்கிறது.

செப்டம்பர் 10, காலை, பத்து நிமிடம் கழித்து

முதல் கேள்வியை மேலே போய்த் திரும்பப் படித்தேன். "மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது."

லெய்கோங்தெங் மூன்று நாளில் வலியைப் பறக்கவிடாது. அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். ஒரு மாதத்துக்கு மேல் இங்கே மரிக்கொழுந்து வரை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், அந்த வரி கண்ணுக்கு நேரே இருந்தது. அப்பாவின் போனை நானே இங்கே எழுதியும் எனக்கு உறைக்கவில்லை.

மாமாவின் முகம் உருண்டையாகியிருக்கிறதா? பசி கூடியிருக்கிறதா? தோலில் லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா? இன்றைக்கே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு மூட்டு மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ போங்கள், ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறார், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள்.

ஒன்று மிக முக்கியம். பயந்துபோய் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஐந்து மாதம் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று 25-ஆம் தேதி எழுதியிருக்கிறேன். எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்லட்டும். இப்போது டப்பாவில் எத்தனை மிச்சம் இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 10, மதியம்

பார்த்தீர்களா?

செப்டம்பர் 10, இரவு

பதினொன்று என்கிறார். நாளை காலை எட்டரைக்கு அப்பாயின்ட்மென்ட். முகம் ஆமாம்.